ஐந்து சதுர வடிவங்கள்: எல்லாம் வந்துவிட்டதென்று பிள்ளைகளே உறுதி செய்வது எப்படி?

கேள்வி:
ஐந்தாம் வகுப்பு. ஐந்து சதுரங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டி எத்தனை வடிவம் செய்யலாம் என்று கேட்டால், ஒரு குழு 9-இல் நிற்கிறது, இன்னொன்று 18 என்கிறது. 12 என்று நானே சொல்லிவிடாமல் அவர்களே கண்டுகொள்ள வழி உண்டா?

பதில் 1:
18-ஐத் தப்பு என்று அடித்துவிடாதீங்க. சுற்றலாம், ஆனால் திருப்பிப் போடக்கூடாது என்றால் விடை 18தான். வடிவங்களை அவை ஒத்திருக்கும் ஆங்கில எழுத்தால் அழைப்பார்கள். அவற்றில் எஃப், எல், என், பி, ஒய், இசட் ஆறுக்கும் கண்ணாடி பிம்பம் தனி வடிவமாக நிற்கும். பல நேரம் கோளாறு தாளில்தான். ஒரு பக்கம் மட்டும் நிறமிருந்தால், வெள்ளை தெரியுமே என்று பிள்ளைகள் திருப்பவே மாட்டார்கள். இரு பக்கமும் ஒரே நிற அட்டையில் 2 செ.மீ. கட்டம் போட்டு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கட்டும்.

பதில் 2:
நான்கு சதுரத்திலிருந்து ஏறுங்கள். அங்கே 5 வடிவம்: நேர்க்கோடு, பெரிய சதுரம், எல், டி, எஸ். எல்-ஐக் கட்டத்தாளில் வரைந்து, அதை ஒட்டிய காலிக் கட்டங்களுக்கு எண் போடச் சொல்லுங்கள். உள்மூலைக் கட்டம் இரண்டு விளிம்பைத் தொடும். அதை இரண்டாக எண்ணினால் 10 வரும், சரியான எண்ணிக்கை 9. ஒவ்வொன்றிலும் ஐந்தாம் சதுரத்தை வைத்தால் ஒன்பதும் வேறு வேறு வடிவம்! மிச்சம் மூன்றுதான்: நேர்க்கோட்டிலிருந்து நீளக் கோடு, டி-யிலிருந்து கூட்டல் குறி, எஸ்-இலிருந்து படிக்கட்டு. பெரிய சதுரம் புதிதாக எதுவும் தராது.

ஏன் எதுவும் தப்பாது? எந்த ஐந்து சதுர வடிவத்திலும், மற்றவை பிரியாதபடி ஒரு சதுரத்தை எடுத்துவிடலாம். மிஞ்சுவது மேலே சொன்ன நான்கு சதுர வடிவங்கள் ஐந்தில் ஒன்று.

பதில் 3:
சரிபார்க்க இன்னொரு வழி, மிக நீளமான வரிசையை வைத்துப் பிரிப்பது. 5 சதுர வரிசை: 1 வடிவம். 4: 2. 3: 8. 2: படிக்கட்டு மட்டும். தேடுவதற்கு இது உதவாது, அந்த எட்டில் குழம்பிவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்:
அடுத்து ஆறு சதுரம் கொடுக்கலாமா?

பதில் 2:
வேண்டாம், 35 வடிவம், சலித்துவிடும். இதே 12-இல் எவற்றை மடித்தால் மூடியில்லாப் பெட்டி வரும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு மடிக்கட்டும். எட்டு வரும். நேர்க்கோடு, யூ, வி, பி வராது. பி-யில் நான்கு சதுரம் ஒரே புள்ளியில் சேர்கின்றன. பெட்டியின் மூலையில் மூன்றுக்குத்தான் இடம்.