லத்தீன்: டேபிள் மனப்பாடம், மொழிபெயர்ப்பு மட்டும் தப்பு. எங்கே சரி செய்வது?

அடையாறு அப்பா
மகள் எட்டாம் வகுப்பு, இன்டர்நேஷனல் ஸ்கூல். லத்தீன் ஆரம்பித்து நான்கு மாதம். முதல் இரண்டு டிக்ளென்ஷனையும் (பெயர்ச்சொல்லின் வேற்றுமை டேபிள்) தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறாள். வாக்கியம் கொடுத்தால் மட்டும் இடமிருந்து வலமாக ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலம் போட்டுக்கொண்டே போகிறாள். 'புவெரும் புவெல்ல விதெத்' என்பதைப் பையன் சிறுமியைப் பார்க்கிறான் என்று எழுதி மார்க் போயிற்று. வாரம் 20 சொல்லுக்கு டெஸ்ட். அடுத்த வாரம் பாதி மறந்துவிடுகிறது. வீட்டில் யாருக்கும் லத்தீன் தெரியாது. தமிழ் இலக்கணம் ஓரளவு சொல்லித் தரலாம். அது உதவுமா, குழப்புமா?

இலக்கணப்பித்து
நிச்சயம் உதவும் சார். ஆங்கிலத்தில் சொல்லின் இடம்தான் எழுவாயைக் காட்டும். லத்தீனில் நம்மைப் போலவே விகுதி காட்டும். 'பையனைச் சிறுமி பார்க்கிறாள்' என்றால் தமிழில் யாருக்கும் குழப்பம் வராது. அதனால் லத்தீனிலிருந்து நேராக ஆங்கிலத்துக்குத் தாவ விடாதீர்கள். முதலில் தமிழில் சொல்லட்டும், பிறகு ஆங்கிலம் எழுதட்டும்.

தொடங்க வேண்டியது வினையிலிருந்து. பெரும்பாலும் கடைசியில் இருக்கும். ஒருமையா பன்மையா, தன்மையா முன்னிலையா படர்க்கையா என்று பார்த்த பிறகே எழுவாயைத் தேட வேண்டும். 'அக்ரிகொல புவெல்லை ரொஸம் தத்' என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'தத்' என்றால் கொடுக்கிறார், படர்க்கை ஒருமை. 'ரொஸம்' ரோஜாவை. சிக்கல் 'புவெல்லை'யில். அது சிறுமியின், சிறுமிக்கு, சிறுமிகள் என மூன்றாகவும் இருக்கலாம். வினை ஒருமை என்பதால் 'சிறுமிகள்' எழுவாய் ஆகாது. கொடுத்தல் என்றால் யாருக்கு என்ற கேள்வி வரும், ஆகவே நான்காம் வேற்றுமை: விவசாயி சிறுமிக்கு ரோஜாவைக் கொடுக்கிறார். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் காரணம் சொல்ல வைத்தால்தான் டேபிள் பயன்படும். (காதில் 'ஐ' என்று விழுந்தாலும் இது நம் இரண்டாம் வேற்றுமை இல்லை, இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.)

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. நாம் 'புத்தகம் படித்தான்' என்று ஐ இல்லாமலே சொல்வோம். லத்தீனில் 'லிப்ரும்' என்று செயப்படுபொருள் விகுதி கட்டாயம். 'ரோமுக்குப் போகிறாள்' என்பதில் 'கு' இருப்பதால் நான்காம் வேற்றுமை போடத் தோன்றும். அது தப்பு. ஊர்ப்பெயரை நோக்கிய பயணத்துக்கு இரண்டாம் வேற்றுமை: 'ரோமம்'. அப்லேட்டிவ் என்ற வேற்றுமை இன்னும் மோசம்: நம் ஆல், ஓடு, இல், இலிருந்து நான்கும் அந்த ஒரே பெட்டிக்குள் அடைந்து கிடக்கும்.

ஆனால் 'மிஹி லிபெர் எஸ்த்' என்பது அச்சு அசலாக 'எனக்குப் புத்தகம் இருக்கிறது'. கேள்விக்கு வரும் 'நெ' நம் 'ஆ'தான்: 'வெனித்நெ?' வருகிறாளா? 'க்வெ' நம் 'உம்'. நாம் இரண்டு சொல்லிலும் ஒட்டுவோம், அவர்கள் வழக்கமாக இரண்டாவதில் மட்டும் ஒட்டுவார்கள்.

மயிலைவாசி
மேலே சொன்னதோடு ஒன்று: லத்தீன் சொல்லில் '-um' ('லிப்ரும்' போல) என்ற முடிவைப் பார்த்ததும் 'ஐ' என்று பாய்ந்துவிடக் கூடாது. அஃறிணைபோல் நியூட்டர் என்று ஒரு பால் இருக்கிறது. அதில் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவம். 'பெல்லும் ரேகெம் தெர்ரெத்' என்பதில் 'ரேகெம்' அரசனை, சந்தேகமே இல்லை. எனவே 'பெல்லும்' எழுவாய்: போர் அரசனை அச்சுறுத்துகிறது.

சொல் மறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பாதிச் சொல்லை மட்டும் படிப்பதுதான். 'ரேக்ஸ், அரசன்' என்று எழுதினால் போதாது. 'ரேக்ஸ், ரேகிஸ், ஆண்பால்' என்று மூன்றும் வேண்டும். இரண்டாவது வடிவத்திலிருந்துதான் அடிச்சொல் கிடைக்கும். வினைக்கு நான்கு வடிவம்: தூகோ, தூகெரெ, தூக்ஸீ, துக்தும். 'ஃபெரோ' மட்டும் படித்தவளுக்குப் பாடத்தில் 'துலீ' வந்தால் அதே வினை என்று எப்படித் தெரியும்? சொல்லுக்கு ஓர் அட்டை எழுதி ஒரு நாளைக்கு நான்கு அட்டை, அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் திரும்பப் பார்க்கட்டும். ஞாயிறு ராத்திரி இருபதையும் மொத்தமாகத் திணிப்பது திங்கள்கிழமைக்கு மட்டும்தான் உதவும்.

நெடில்
யாரும் சொல்லாத ஒன்று. லத்தீனில் குறில் நெடில் பொருளையே மாற்றும். பாடப்புத்தகத்தில் உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள், பிள்ளைகள் அதைக் கண்டுகொள்வதில்லை. நமக்கு எ ஏ, ஒ ஓ இரண்டும் தனித்தனி எழுத்து. இந்த வசதி தேவநாகரியில்கூடக் கிடையாது. அட்டையின் ஓரத்தில் தமிழில் உச்சரிப்பை எழுதச் சொல்லுங்கள். ரேகிஸ் அரசனின், ரெகிஸ் நீ ஆள்கிறாய். வெனித் வருகிறாள், வேனித் வந்தாள். ரொஸ எழுவாய், ரொஸா அப்லேட்டிவ்.

ஸ்பெல்லிங் மட்டும் ரோமன் எழுத்திலேயே பழகட்டும், தமிழில் p-யும் b-யும் 'ப' என்று ஒன்றாகிவிடும். கேள்வித்தாளில் கோடு இல்லாமல் வந்தால் சூழலை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அடையாறு அப்பா
நன்றி. பெயரடைகளிலும் தடுமாறுகிறாள். பக்கத்தில் இருக்கும் பெயரோடு சேர்த்துவிடுகிறாள்.

இலக்கணப்பித்து
அது தமிழ்ப் பழக்கம். நம் பெயரடைக்கு விகுதி மாறாது, பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டே நிற்கும். லத்தீனில் பால், எண், வேற்றுமை மூன்றும் பொருந்தினால் போதும், எவ்வளவு தூரத்திலும் நிற்கலாம். பயிற்சிக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தில் உள்ள வாசகத்தையே கொடுங்கள்: 'தொக்த்ரீன விம் ப்ரோமொவெத் ஈன்ஸிதம்'. ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் பாட்டு வரியிலிருந்து எடுத்தது. 'விம்' ஆற்றலை, 'ஈன்ஸிதம்' உள்ளே ஊன்றிய. இரண்டும் பெண்பால், ஒருமை, இரண்டாம் வேற்றுமை, நடுவில் வினை புகுந்திருக்கிறது. கல்வி இயல்பாய் உள்ள ஆற்றலை வளர்க்கிறது. விகுதி பொருந்தும் சொற்களைப் பென்சிலால் வளைவுக்கோடு போட்டு இணைத்த பிறகே மொழிபெயர்க்க விடுங்கள்.

அது வந்துவிட்டால் லயோலா கல்லூரியின் 'லூகெஅத் லூக்ஸ் வெஸ்த்ர'. தேவாலயத்தில் 'லூச்செஅத்' என்று கேட்டிருக்கலாம், வகுப்பில் பெரும்பாலும் 'க'தான். 'லூகெத்' என்றால் ஒளிர்கிறது. இங்கே 'லூகெஅத்', நம் வியங்கோள். உங்கள் ஒளி ஒளிர்கிறது என்று எழுதினால் மார்க் போகும், ஒளிர்க.