மூக்கில் என்கே/டி செல் லிம்போமா: சாப் ஊசி போதுமா?

ஏற்காடு காப்பி:
மாமாவுக்கு வயசு 52. ஒரு பக்க மூக்கடைப்பு, நாத்தம், சளியில ரத்தம். ரெண்டு பயாப்சியில "செத்த திசு மட்டும்"னு வந்துச்சு. மூணாவதுலதான் என்கே/டி செல் லிம்போமா (வெள்ளணுவுல வர்ற ஒரு புற்றுநோய்), ஈபர் பாசிட்டிவ் (செல்லுக்குள்ள ஈபிவி வைரஸ் இருக்கு)னு ரிப்போர்ட். பெட் சிடி ஸ்கேன்ல மூக்கைத் தாண்டிப் பரவலை. "லிம்போமான்னா சாப் ஊசி (நாலு மருந்து சேர்ந்த கீமோ) ஆறு சைக்கிள் போதும்"னு சொந்தக்காரர் சொல்றார். சரியா? ஏற்காட்டுல இருந்தே வந்து போகலாமா?

அஸ்தம்பட்டி:
சாப் இதுக்குச் சரிவராதுங்க. இந்தச் செல்லுல பி-கிளைகோபுரோட்டீன்ங்கிற புரதம் அதிகம். சாப்ல இருக்கிற டாக்சோரூபிசினையும் வின்கிரிஸ்டினையும் அது வெளியே தள்ளிடும். டான்சில்ல வர்ற பி செல் லிம்போமாவுக்கு ரிடுக்சிமாப் மருந்தோட சாப் கொடுப்பாங்க, உங்க சொந்தக்காரர் அதைக் கேள்விப்பட்டிருப்பார்.

இதுக்கு முதுகெலும்பே ரேடியேஷன்தான். தினம் 2 கிரே (கதிர் அளவு), வாரம் 5 நாள், 5 வாரம், மொத்தம் 50 கிரே. அளவைக் குறைச்சா அதே இடத்துல திரும்ப முளைக்கும். கூடவே அஸ்பாராஜினேஸ் மருந்து சேர்ந்த கீமோ. பரவாத நிலையில இப்படிப் பார்த்தா 5 வருஷம் தாண்டுறவங்க நூத்துக்கு சுமார் 70 பேர். பரவிட்டா பாதிக்கும் கீழ.

செவ்வாய்ப்பேட்டை:
கீமோ முதல்ல, ரேடியேஷன் முதல்ல, ரெண்டும் ஒண்ணா: மூணு முறையும் நடைமுறையில இருக்கு. ரேடியேஷனை ரொம்பத் தள்ளிப்போடாம இருந்தாச் சரி.

ஆரம்பிக்கும் முன்னாடி ஹெபடைடிஸ் பி பரிசோதனை, ரத்தத்துல அந்த ஈபிவி வைரஸோட டிஎன்ஏ அளவு ரெண்டும் எடுத்துடுங்க. சிகிச்சை முடிஞ்சும் டிஎன்ஏ தெரிஞ்சா திரும்ப வர வாய்ப்பு அதிகம். சொத்தைப் பல்லையும் முன்னாடியே பிடுங்கி ஆறவிடணும். ரேடியேஷனுக்கு அப்புறம் பிடுங்கினா தாடை எலும்பு ஆறாம அழுகலாம்.

அஸ்பாராஜினேஸ் போட்ட பிறகு மேல்வயித்துல வலி வந்து முதுகுக்குப் பாய்ஞ்சா அது கேஸ் இல்லை, கணையம் வீங்கியிருக்கலாம். அன்னைக்கே லைப்பேஸ் (கணைய ரத்தப் பரிசோதனை) பாருங்க. ரத்தம் உறைய உதவுற ஃபைப்ரினோஜனும் இறங்கும்.

ஐந்து ரோடு:
தங்குறதைப் பத்தி: ரேடியேஷன் தினசரி, அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் அஞ்சு வாரம் ஏறி இறங்க உடம்பு தாங்காது. சேலத்துலயே ரூம் எடுங்க. கீமோ முடிஞ்ச ஒண்ணு, ரெண்டு வாரத்துல வெள்ளணு அடிமட்டத்துக்குப் போகும். அப்போ 100.4 டிகிரி காய்ச்சல்னா பாராசிட்டமால் போட்டுட்டுக் காலையில பார்க்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்க.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஒவ்வொரு சைக்கிளுக்கும் முன்அனுமதி வேணுமான்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்டர்ல முதல்லயே கேட்டுடுங்க. அதுல தாமதமானா சைக்கிள் தள்ளிப்போகும்.