ஊர்ந்து போகும்போது வெட்டி இழுக்கும் பழைய டீசல் வண்டி: எங்கே முதலில் கை வைப்பது?

திருவொற்றியூர்
2009 மாடல், 1.3 லிட்டர் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக பிரஷரில் டீசல் போகும் வகை). எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் பின்னாடி செகண்ட் கியரில் ஊரும்போது 1,200 முதல் 1,800 ஆர்.பி.எம். வரை வெட்டி வெட்டி இழுக்குது. 2,000 தாண்டினா ஒண்ணுமே இல்லை. டீசல் ஃபில்டர் புதுசு, செக் இன்ஜின் லைட் எரியல. நாலு இன்ஜெக்டரையும் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில்) கழட்டணும்னு மெக்கானிக் சொல்றாங்க. இதே தொல்லையைப் பார்த்தவங்க சொல்லுங்க.

மணலி
இன்ஜெக்டர் கடைசி சார். மேல் ஆர்.பி.எம்.மில் சரியாகுதுன்னா ஈஜிஆர் வால்வுதான் முதல் சந்தேகம். லேசா மிதிக்கும்போது அது திறந்து புகையைத் திரும்ப உள்ளே விடும், முழுசா மிதிச்சா மூடிக்கும். கரி படிஞ்சு மூடாம நின்னா, கீழ் ஆர்.பி.எம்.மில் இன்ஜினுக்கு நல்ல காத்து பத்தாது. இன்ஜின் ஆறினதும் கழட்டி, கார்புரேட்டர் கிளீனர் ஊத்தி ஊறவெச்சு பிரஷ்ல தேய்ங்க. மோட்டார் வகை வால்வை ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க, உள்ளே பல்சக்கரம் போயிடும். கேஸ்கெட் புதுசு போடணும். வேக்கம் வகைன்னா இன்னும் சுலபம்: ஹோஸைக் கழட்டி முனையை அடைச்சு ஒரு ரவுண்டு ஓட்டினாலே தெரிஞ்சிடும். அது சோதனைக்கு மட்டும், அப்படியே விட்டுடாதீங்க.

கொடுங்கையூர்
ஏர் ஃப்ளோ மீட்டர் (இன்ஜினுக்குள் போற காத்தை அளக்கும் சென்சார்) பிளக்கைக் கழட்டி ஓட்டுங்க ப்ரோ. வெட்டு நின்னா சென்சார் அவுட்.

மணலி
அதை மட்டும் நம்பி சென்சார் வாங்க வேண்டாம். பிளக்கைக் கழட்டினா பல வண்டிகளில் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஈஜிஆரையும் சேர்த்து மூடிடும். அப்போ குத்தம் எதுலன்னு எப்படிச் சொல்வீங்க? முதல்ல கனெக்டர் பின்னைப் பாருங்க. நம்ம பக்கம் கடல் காத்துக்கு பச்சை பூத்திருக்கும்.

வியாசர்பாடி
ஃபில்டர் மாத்தின பிறகுதான் ஆரம்பிச்சுதா? அப்படின்னா டீசல் லைன்ல காத்து இழுக்குது. டேங்க்ல மோட்டார் இல்லாம பம்பே உறிஞ்சுற வண்டின்னா, லீக் இருந்தாலும் வெளியே ஒரு சொட்டு வராது. காத்துதான் உள்ளே போகும். காலையில் செல்ஃப் நீளமா எடுத்தா அதுவும் ஒரு அடையாளம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு அடி உள்ளே தெரியுற பிளாஸ்டிக் ஹோஸ் போட்டு ஐடிலிங்ல பாருங்க. தொடர்ந்து குமிழ் வந்தா கிளிப், ஓ-ரிங், செம்பு வாஷர் எல்லாம் மாத்துங்க. பழைய வாஷரைத் திருப்பிப் போடுறது வேலைக்கு ஆகாது. புது ஃபில்டர்ல கேன் டீசலை ஊத்தி நிரப்பவும் கூடாது, தூசி நேரா பம்புக்குப் போகும். ஹேண்ட் பிரைமர் இறுகுற வரைக்கும் அடிங்க. மழைக்காலத்தில் ஃபில்டர் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி அரை டம்ளர் பாட்டில்ல பிடிச்சுப் பாருங்க, தண்ணி அடியில் தங்கும்.

தண்டையார்பேட்டை
பழைய லோடு வண்டி ஆளுங்க ஓடுற இன்ஜின்ல ஒவ்வொரு நாசில் பைப் நட்டாத் தளர்த்தி எந்த சிலிண்டர் அடிக்கலைன்னு கண்டுபிடிப்பாங்க. மெக்கானிக்கல் பம்புக்கு அது சரி. காமன் ரெயில்ல தொடவே தொடாதீங்க அண்ணே, நூத்துக்கணக்கான பார் பிரஷர், தோலைக் கிழிச்சு உள்ளே போயிடும்.

ராயபுரம்
இன்ஜெக்டரைக் கழட்டாமலே ரிட்டர்ன் அளவு (ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் டேங்குக்குத் திரும்புற டீசல்) பார்க்கலாம். ரிட்டர்ன் ஹோஸ்களை எடுத்துட்டு நாலு சின்ன பாட்டில் மாட்டி, பொது ரிட்டர்ன் லைனை அடைச்சு, சில நிமிஷம் ஐடிலிங் விடுங்க. ஒரு பாட்டில் மட்டும் மத்ததைவிட ரெண்டு மடங்கு நிரம்பினா அந்த இன்ஜெக்டரை மட்டும் டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பினா போதும். நாலும் சமமா இருந்தா ஸ்கேனர்ல ஈசியு கேட்கிற ரெயில் பிரஷரையும் நிஜமா கிடைக்கிற பிரஷரையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. கிடைக்கிறது ஏறி இறங்கி ஆடினா, லைன்ல காத்து இல்லைன்னு உறுதியான பிறகு பம்ப் மீட்டரிங் வால்வை (பம்புக்குள் போற டீசல் அளவைக் கட்டுப்படுத்துறது) பாருங்க.

இன்னொண்ணு, கிளட்ச்சை முழுசா விட்ட பிறகும் வெட்டுதா? பாதி கிளட்ச்ல மட்டும்னா டீசல் பக்கமே போகாதீங்க. கிளட்ச் பிளேட்ல ஆயில் பட்டிருக்கும், இல்லைன்னா இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிஞ்சிருக்கும்.

திருவொற்றியூர்
முழுசா விட்ட பிறகும் வெட்டுது சார். செல்ஃப் ஒரே தட்டுல எடுக்குது. ஈஜிஆரைக் கழட்டிட்டு போட்டோ போடுறேன்.