ஹாலிஃபாக்ஸில் நிற்கும் சாக்வில்

போர்க்கப்பல் அனுபவம் என்றதும் விமானந்தாங்கிகளைப் பற்றியே பலரும் எழுதுகிறீர்கள். நான் ஏறிப் பார்த்தது கனடாவின் ஹாலிஃபாக்ஸில் உள்ள சாக்வில். நீளம் 62 மீட்டர்தான். இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கைக் கடந்த சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குக் காவல் போன ஃபிளவர் வகைக் கார்வெட்டுகளில் (சிறிய காவல் போர்க்கப்பல்கள்) இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றே.

திமிங்கில வேட்டைக் கப்பலின் அமைப்பை வைத்து அவசரமாகக் கட்டிய வகை இது. வேகம் 16 நாட், அதாவது மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் ஜெர்மானிய நீர்மூழ்கி இதை முந்திவிடும்! விரட்டுகிறவன் பின்தங்கும் வேட்டை.

முன்பக்கத்து மாலுமிகள் அறையில் சாப்பாட்டு மேஜைகளுக்கு மேலேயே, பிள்ளைக்குக் கட்டும் தூளிபோல, கான்வாஸ் படுக்கைகள் தொங்குகின்றன. சமையலறையோ பின்பக்கம். சூடான பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு திறந்த தளத்தைக் கடக்க வேண்டும். ஓர் அலை ஏறி அடித்தால் அன்றைய சாப்பாடு உப்புத் தண்ணீர்தான். பீரங்கியைவிட இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

1942 ஆகஸ்டில் ஓஎன் 115 என்ற கூட்டத்துக்குக் காவல் போனபோது, ஆலன் ஈஸ்டன் தலைமையில் இக்கப்பல் யூ-43, யூ-552 என இரு நீர்மூழ்கிகளைச் சேதப்படுத்தியது. இரண்டும் தப்பி ஊர் சேர்ந்தன. எதையும் மூழ்கடித்ததாகக் கணக்கில் இல்லை. அதனால் குறைவாக மதிப்பிடுவது நியாயமில்லை என்பேன். சரக்கு கரை சேர்வதுதானே காவலின் வேலை?

1943 செப்டம்பரில் நிலைமை மோசமானது. கப்பலைத் தள்ளும் சுழலியின் ஓசையைத் தேடிவரும் ஜெர்மானியரின் புதிய டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) காவல் கப்பல்களையே குறிவைத்தது. சாக்வில்லுடன் சென்ற செயின்ட் குரோய் என்ற காவல் கப்பல் மூழ்கியது. தப்பியவர்களை ஏற்றிக்கொண்ட இட்சன் என்ற கப்பலும் மூழ்கியது. செயின்ட் குரோயின் ஆட்களில் கடைசியில் பிழைத்தவர் ஒருவரே. இதற்குக் கனடியர் கண்ட மாற்று எளிமையானது: இரண்டு உலோகக் குழாய்களை ஒன்றோடொன்று மோதிச் சத்தம் எழுப்பும்படி கப்பலுக்குப் பின்னால் இழுத்துச் செல்வது. டார்பிடோ அந்தச் சத்தத்தை நாடிப் போய்விடும்.

போருக்குப் பிறகு கடலாய்வுக் கப்பலாக 1982 வரை உழைத்ததால் இது பழைய இரும்புக்குப் போகாமல் தப்பியது.

மட்டக்களப்பிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, இதே வகைக் கப்பல் ஒன்று எங்கள் கடலிலும் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் ஹெர்மிஸ் விமானந்தாங்கியை மூழ்கடித்த அதே நாளில் ஹாலிஹாக் என்ற கார்வெட்டும் மூழ்கியது. முக்குளிக்க வருகிறவர்கள் எல்லோரும் ஹெர்மிஸைத்தான் கேட்கிறார்கள். ஹாலிஹாக்கைக் கேட்டு ஒருவர்கூட வந்து நான் பார்த்ததில்லை. சாக்வில்லில் ஆழ்கடல் குண்டுகளை (நீர்மூழ்கிகளைத் தாக்க நீருக்குள் வெடிப்பவை) எங்கே வைத்திருக்கிறார்கள்?

மறுமொழி:

பின்தளத்தில், தம்பி. சாய்வான தண்டவாளத்தில் பீப்பாய்களாக வரிசையில் நிற்கின்றன. தடுப்பை எடுத்தால் உருண்டு நேரே கடலில் விழும்.