எமெட்டில் இருக்கும் இன்னொரு வெள்ளை மாளிகை

போன மாசம் டல்லாஸிலிருந்து வடக்கே ரெண்டு மணி நேரம் ஓட்டி, ஓக்லஹோமாவில் டிஷமிங்கோ பக்கம் எமெட் என்ற இடத்துக்குப் போனோம். புல்வெளி, முள்வேலி, மாடுகள், அவ்வளவுதான். சிக்கசாக்கள் என்பது தங்களுக்கென்று தனி அரசு வைத்திருந்த அமெரிக்கப் பழங்குடி. ‘சிக்கசாக்களின் வெள்ளை மாளிகை’ என்று கேள்விப்பட்டதில் மனசுக்குள் பெரிய தூண்களெல்லாம் எழுப்பி வைத்திருந்தேன். நேரில் பார்த்தால், அகலமான வராண்டா வைத்த வெள்ளை மர வீடு! வராண்டா பலகை காலடியில் கிறீச்சிட்டது. என் பெண் அதையே நாலு தடவை மிதித்துப் பார்த்தாள்.

1895-ல் கட்டியது. டக்ளஸ் ஜான்ஸ்டன் குடும்பத்தின் வீடு. சிக்கசா பெண்பிள்ளைகளுக்கான ப்ளூம்ஃபீல்ட் பள்ளியை வருஷக்கணக்கில் நடத்தியவர், 1898-ல் சிக்கசா தேசத்தின் ஆளுநரானார். நேரத்தைப் பாருங்கள்: சிக்கசாக்களின் தலைநகரான டிஷமிங்கோவில் கருங்கல்லில் புது ஆட்சிமன்றக் கட்டடம் எழும்பியதும் அதே வருஷம், பழங்குடி நீதிமன்றங்களை ஒழித்து, பொது நிலத்தை ஆளாளுக்குக் கூறுபோட வழிசெய்த அமெரிக்க அரசின் கர்டிஸ் சட்டம் வந்ததும் அதே வருஷம்.

என்னை உலுக்கியது ஒரு கல்யாணக் கதை. 1899-ல் இதே வீட்டில் ஜான்ஸ்டனின் அக்கா தங்கை வழியோ அண்ணன் தம்பி வழியோ, உறவில் மகள் முறையான மேரி ஆலிஸ் ஹெரலைக் கட்டியவர் வில்லியம் மர்ரி என்ற வெள்ளைக்கார வக்கீல். 1906-ல் ஓக்லஹோமாவின் அரசியலமைப்பை எழுதக் கூடிய மாநாட்டுக்குத் தலைவர் இந்த மாப்பிள்ளைதான். மறு வருஷம் மாநிலம் பிறந்தது; சிக்கசா தேசத்தின் மண்ணும் அதற்குள் போயிற்று. 1931-ல் அவரே மாநில ஆளுநர்!

மாமனார் முறைக்காரரோ, நடுவில் ரெண்டு வருஷம் தவிர, 1939-ல் சாகும்வரை சிக்கசா ஆளுநர்தான். ஆனால் மாநிலம் வந்தபின் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அல்ல, அமெரிக்க அதிபர் நியமித்து. பேருக்குப் பதவி என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்காரர் போனபின்னும் சாவியை ஒருத்தர் வைத்திருக்க வேண்டாமா?

இதே குடும்பத்துப் பெண் டெ ஆட்டா. வீடு எழும்பிய 1895-ல் எமெட் பக்கம் பிறந்து, பழங்குடிக் கதைகளை மேடையேற்றிப் பேர் வாங்கினார். 1933-ல் வாஷிங்டன் வெள்ளை மாளிகையில் ரூஸ்வெல்ட் முன்னால் கதை சொன்னார். திரும்பும் வழியில் என் பெண் கேட்டாள்: “அப்பா, அந்த வீட்டுத் தரையும் கிறீச்சிடுமா?”