அவசரம்: போன வருடம் வந்த இடத்திலேயே காளான், சமைக்கலாமா?

கெடிலக்கரை (மாலை 5.40)
வணக்கம். போன வருடம் வந்த அதே இடத்தில் மழைக்குப் பிறகு மறுபடியும் காளான். வெள்ளையாக, பெரிது பெரிதாக, ஒரு முறம் நிறைய. அத்தை ஆய்ந்துகொண்டிருக்கிறார். சாப்பிடலாமா? எட்டு மணிக்குச் சாப்பாடு.

முந்திரிக்காட்டான்
படம் எங்கே? எந்த ஊர்? மண்ணிலா, வைக்கோல் போரிலா, மரத்திலா? வெள்ளை, பெரிது என்றால் ஊரில் பாதிக் காளான் அப்படித்தான் இருக்கும்.

வேப்பிலை
மஞ்சளும் பூண்டும் போட்டு வேகவையுங்கள். பூண்டு கறுத்தால் விஷம். எங்கள் ஆயா கடைசிவரை இப்படித்தான் பார்த்தார், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

நுண்ணோக்கி
மழைக்கு மழை இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. பூண்டு கறுப்பதற்கும் காளான் விஷத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஸ்போர் பிரிண்ட் எடுங்கள், அதாவது குடையிலிருந்து உதிரும் வித்துத்தூளின் தடம். தண்டை நறுக்கிவிட்டு, குடையின் மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி தாளில் வையுங்கள். பாதி வெள்ளைத் தாளில், பாதி கறுப்புத் தாளில் படட்டும். மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துக் காலையில் திறந்து பாருங்கள். தூள் ரோஸ் என்றால் புற்றுக்காளான், பச்சை என்றால் நாய்க்குடை. அவ்வளவுதான் விஷயம்.

வேப்பிலை
காலையில்தான் தெரியும் என்றால் எட்டு மணிக்கு என்ன சாப்பிடுவார்கள்?

நுண்ணோக்கி
ரசம்.

பாகூரான்
தண்டில் வளையம் இருக்கிறதா தம்பி? என் மகன் லியோனில் இருக்கிறான். அங்கே கூல்மெல் என்று ஒன்று, குடையில் செதில், தண்டில் வளையம். வெண்ணெயில் வறுத்தால் தேவாமிர்தம். வளையம் நகர்ந்தால் நல்ல காளான் என்பார்கள்.

கெடிலக்கரை (மாலை 6.25)
படம் ஏறவில்லை, மன்னிக்கவும். கடலூர், திருப்பாதிரிப்புலியூர் பக்கம். வீட்டை ஒட்டிய காலி மனை. குடை டிபன் தட்டு அளவு, நடுவில் பழுப்புச் செதில். ஆமாம் ஐயா, வளையம் மேலும் கீழும் நகர்கிறது. சின்னவள் கழற்றி மோதிரமாகப் போட்டுக்கொண்டு திரிகிறாள். தண்டு வழவழப்பு, அடியில் சின்னக் குமிழ். தொட்டதும் கையோடு வந்துவிட்டது. போன வருடம் அங்கே புற்று இருந்தது. சித்திரையில் ஜேசிபி விட்டு நிரவி, சவுடு மண்ணும் சாணி எருவும் கொட்டினோம். இதெல்லாம் தேவையா?

முந்திரிக்காட்டான்
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! அந்த இடம் இப்போது அதே இடம் இல்லை. புற்றுக்காளானைக் கறையான்தான் மண்ணுக்குள் தோட்டம் போட்டு வளர்க்கிறது. அதனால்தான் சிப்பிக்காளான் போலப் பண்ணையில் வளர்க்க முடிவதில்லை. எங்கள் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் அதை யாரும் பிடுங்குவதில்லை, கடப்பாரை போட்டுத் தோண்டுவோம். கறையான் கூடுவரை வால் மாதிரி இறங்கியிருக்கும். குடை நடுவில் கூம்பு இருக்கும். உங்களுடையதில் வாலும் இல்லை, புற்றும் இல்லை. நீங்கள் சொல்வதெல்லாம் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸுக்குத்தான், அதாவது நுண்ணோக்கி சொன்ன பச்சைத் தூள் நாய்க்குடைக்குத்தான், பொருந்துகிறது. தின்ற ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் புரட்டி எடுக்கும். இளசில் மடிப்பு வெள்ளையாகத்தான் இருக்கும், முற்றினால்தான் பச்சை ஓடும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

பாகூரான் ஐயா, கூல்மெல்லுக்கும் இதற்கும் நகரும் வளையம் உண்டு. அதன் தண்டில் பாம்புத்தோல் போல வரி இருக்கும், இதில் இல்லை. வளையத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

செம்மண்
நுண்ணோக்கி சொன்னதிலும் ஓட்டை இருக்கிறது. என்டோலோமா என்ற காளான் இனத்துக்கும் ரோஸ் தூள்தான், அதில் விஷ வகைகள் உண்டு. அமனிட்டா என்ற இன்னோர் இனத்துக்கு வெள்ளைத் தூள். தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தி தொடங்கி ஈரலைக் கெடுக்கிற காளான்கள் அதில் இருக்கின்றன. கொதிக்கவைத்தாலும் அந்த விஷம் போகாது. பச்சை வரவில்லை என்பதால் மட்டும் அடுப்பில் ஏற்றிவிடலாமா?

நுண்ணோக்கி
தொடக்கநிலை ஆட்களுக்கு எளிமையாகச் சொன்னேன்.

செம்மண்
தொடக்கநிலை ஆட்கள்தானே சமைக்கப் போகிறார்கள்.

பாகூரான்
பிரான்சில் காட்டில் பறித்ததை மருந்துக்கடையில் காட்டினால் போதும். பார்மசிஸ்ட் படிப்பிலேயே காளான் பாடம் உண்டு.

வேப்பிலை
இங்கே காட்டினால் வயிற்றுப்போக்கு மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிடுவார். அது கிடக்கட்டும், புரட்டாசியில் காளான் எப்படி? எங்கள் வீட்டில் கவிச்சி என்று ஒதுக்கிவிடுவோம்.

பாகூரான்
காளான் செடிதானே, அம்மா. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நுண்ணோக்கி
செடியும் இல்லை, விலங்கும் இல்லை, பூஞ்சை. மரபு வழியில் பார்த்தால் செடியைவிட விலங்குக்குத்தான் நெருக்கம்.

வேப்பிலை
பார்த்தீர்களா! நான் சொன்னது சரிதான்.

(இதற்குப் பிறகு 14 பதில்கள் புரட்டாசி பற்றியே.)

முந்திரிக்காட்டான் (இரவு 9.10)
கெடிலக்கரை, என்ன ஆயிற்று? யாராவது வாயில் வைத்திருந்தால் வாந்திக்குக் காத்திருக்க வேண்டாம். மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போங்கள்.

கெடிலக்கரை (மூன்றாம் நாள்)
பச்சை. கிண்ணத்தைத் தூக்கினால் தாளில் பாசி பிடித்த மாதிரி வட்டம். எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தாயிற்று. யாரும் சாப்பிடவில்லை. அத்தை இன்னும் சரியாகப் பேசவில்லை. நன்றி.

வேப்பிலை
பூண்டு கறுத்ததா, பார்த்தீர்களா?