மிசுநாரா பீப்பாயின் மணத்தைப் பிரித்தறிவது எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விஸ்கியை ஊறவைக்கும் வெளிநாட்டுப் பீப்பாய்கள் கிடைப்பது அரிதானதால் ஜப்பானியர் கையில் எடுத்த மிசுநாரா என்னும் உள்நாட்டு ஓக், எளிதில் கசியும் மரமாக இருந்தாலும், நெடுங்காலம் ஊறிய விஸ்கிக்குச் சந்தனமும் ஊதுவத்தியும் கலந்த மணத்தைத் தருவதாகச் சொல்கிறார்கள். அமெரிக்க ஓக்கில் முதிர்ந்து, கடைசிச் சில மாதங்கள் மட்டும் மிசுநாராவில் வைக்கப்பட்ட ஒரு விஸ்கியை நேற்றுச் சுவைத்தேன். முதலில் வெனிலாதான் எழுந்தது. சில துளி நீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்து முகர்ந்தபோது தேங்காய் மணம் வந்தது. (சந்தனத்தை நானாகக் கற்பனை செய்துகொண்டேனோ என்னவோ!) தேங்காய் மணம் அமெரிக்க ஓக்கிலும் உண்டு என்பதால், அது எந்தப் பீப்பாய் தந்தது என்று பிரித்தறிய முடியவில்லை. எந்தெந்த விஸ்கிகளை அருகருகே வைத்து, எந்த வரிசையில் சுவைத்தால் இந்த வேறுபாடு புலப்படும் என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.